நெறி கட்டி கரையவே இல்லையா? நிணநீர் முடிச்சுல வர்ற அபூர்வ கேன்சரை கண்டுபிடிக்கிறது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க அக்கா வீட்டுக்காரர், நான் மாமானு கூப்பிடுறவர், ஏற்காட்டுல ஒரு காப்பி எஸ்டேட்ல ரைட்டரா இருக்காரு. அவர் கழுத்துல வந்த ஒரு நெறிக்கு சரியான பேர் தெரிய 9 மாசம் ஆச்சு. ஃபாலிகுலர் டென்ட்ரிடிக் செல் சர்கோமா, சுருக்கமா எஃப்டிசி சர்கோமா, இதான் அந்த பேரு, சர்கோமாங்கிறது சதை, எலும்பு மாதிரி உடம்பை தாங்குற திசுவுல வர்ற கேன்சர். மலையில இருந்து சேலத்துக்கும் சேலத்துல இருந்து வேலூருக்கும் ஃபைலை தூக்கிட்டு அலைஞ்சது நான்தான், அதனால சொந்தக்காரங்க, அவங்களுக்கு தெரிஞ்சவங்கனு இப்பவும் யாராச்சும் போன் பண்ணி கேட்டுக்கிட்டே இருக்காங்க. கேட்ட கேள்வியெல்லாம் சேர்த்து இங்க எழுதிட்டேன். நான் டாக்டர் இல்ல, டாக்டர்ங்க கிட்ட கேட்டு புரிஞ்சுக்கிட்டதை சொல்றேன், உங்க விஷயத்துல முடிவு எடுக்க வேண்டியது உங்க டாக்டர் கூட உக்காந்துதான்.

நெறி கட்டினாலே கேன்சர்தானா?

இல்லவே இல்லைங்க. நம்ம உடம்புல சுமார் 600 நிணநீர் முடிச்சு இருக்கு, கால்ல முள்ளு குத்தி சீழ் வெச்சா தொடை இடுக்குல நெறி கட்டுது, பல்லு சொத்தையானா தாடைக்கு கீழ கட்டுது, அதெல்லாம் முடிச்சு தன் வேலைய செய்யுதுனு அர்த்தம். ரெண்டு மூணு வாரத்துல தானா வத்திடும். 4 வாரம் 6 வாரம் தாண்டியும் வத்தாம இருக்கு, 2 சென்டிமீட்டருக்கு மேல போகுது, தொட்டா ரப்பர் மாதிரியோ கல்லு மாதிரியோ இருக்கு, வலியே இல்ல, இல்ல காறை எலும்புக்கு மேல இருக்குற குழியில வந்திருக்கு, இப்படி எதுவா இருந்தாலும் காட்டிடணும். ராத்திரி சட்டை நனையுற அளவு வேர்க்குது, காரணமே இல்லாம எடை குறையுது, காய்ச்சல் விட்டு விட்டு வருதுன்னா இன்னும் சீக்கிரம்.

வலி இல்லைங்கிறதை நல்ல அறிகுறினு நினைச்சுக்கிறோம், நாங்க ஏமாந்தது அங்கதான். மாமா ஷேவிங் பண்ணும்போது வலது தாடைக்கு கீழ புளியங்கொட்டை சைஸுக்கு தட்டுப்பட்டிருக்கு, அது ஐப்பசி கடைசி, காப்பி பழம் பறிக்கிற சீசன், ஆளுங்க கணக்கு எழுதவே நேரம் இல்ல, வலிக்கல வேற, அப்படியே விட்டுட்டாரு. பறிப்பு முடிஞ்சு தை மாசம் கீழ இறங்கி வர்றப்போ எலுமிச்சம்பழத்துல பாதி ஆயிருந்துச்சு.

டிபினு சொல்லி மாத்திரை குடுத்தாங்க, மாசக்கணக்கா சாப்பிட்டும் கரையல. என்ன பண்றது?

எனக்கு வர்ற போன்ல பாதி இந்த கேள்விதான். நம்ம ஊர்ல கழுத்து நெறின்னா முதல்ல டிபிய யோசிக்கிறது தப்பே இல்ல, கண்டமாலைனு நம்ம பாட்டிங்களே பேர் வெச்சு சொன்ன வியாதி அது, இன்னைக்கும் இங்க அதிகமா பாக்குறது அதுதான். யோசிக்கிறது சரி, ஆனா டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணாம மாத்திரை ஆரம்பிக்கிறதுதான் சிக்கல். நெறியில இருந்து ஊசி வெச்சு எடுத்ததை சிபிநாட் டெஸ்டுக்கு அனுப்பினா டிபி கிருமியோட மரபணு இருக்கானு சில மணி நேரத்துல மிஷின் சொல்லிடும், அதோட டிபிக்கு குடுக்குற முக்கியமான மருந்து ரிஃபாம்பிசின் கேக்குமா கேக்காதானும் தெரிஞ்சிடும். அரசு டிபி திட்டத்துல இது இலவசம்தான்.

மாமாவுக்கு ஒரு கிளினிக்ல ரெண்டு தடவை ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, குறையல, உடனே எந்த டெஸ்டும் இல்லாம டிபி மாத்திரை எழுதிட்டாங்க. அந்த மாத்திரை சாப்பிட்டா மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போகும், அதை பாத்துட்டு மாமா "மருந்து உள்ள வேலை செய்யுதுடா"னு நம்பிக்கையா சொல்லுவாரு, நாங்களும் நம்பினோம். 4 மாசம் போச்சு. நெறி மட்டும் வளர்ந்துக்கிட்டே இருந்துச்சு.

இதுல ஒண்ணு நேர்மையா சொல்லணும். நிஜமாவே டிபியா இருந்தா கூட மருந்து ஆரம்பிச்ச பிறகு சில பேருக்கு நெறி கொஞ்ச நாள் பெருசாகிட்டு அப்புறம்தான் வத்தும். அதனால வளர்ந்துடுச்சேனு நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க, அது ரொம்ப ஆபத்து. டாக்டர்கிட்ட போய் நேரா கேளுங்க: "டிபினு எந்த டெஸ்ட்ல உறுதியாச்சு?" ரிப்போர்ட்டை எடுத்து காட்டினா சரி. காட்ட எதுவும் இல்லன்னா "அப்ப பயாப்சி எப்ப பண்ணலாம்?"னு கேளுங்க, பயாப்சினா நெறியையோ அதுல ஒரு துண்டையோ எடுத்து மைக்ராஸ்கோப்ல பாக்குறது. அந்த ரெண்டு கேள்விய மாசி மாசமே நாங்க கேட்டிருக்கணும்.

ஊசி டெஸ்ட்ல கெட்டது ஒண்ணும் இல்லைனு வந்துடுச்சே, அது போதாதா?

எஃப்என்ஏசினு சொல்ற மெல்லிசு ஊசி டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான். தைராய்டு கட்டிக்கு, எங்கயோ இருக்குற கேன்சர் நெறிக்கு பரவியிருக்கானு பாக்க எல்லாம் அது ரொம்ப உதவும். ஆனா நெறியிலயே பொறந்த வியாதிய கண்டுபிடிக்க அது மட்டும் பத்தாது. ஊசியில வர்றது உதிரியா கொஞ்சம் செல்லுங்க, அந்த செல்லெல்லாம் முடிச்சுக்குள்ள எப்படி அடுக்கியிருந்துச்சு, எது எதை சுத்தி இருந்துச்சுங்கிற அமைப்பு ஊசியில வராது. நம்ம எஸ்டேட் பாஷையில சொன்னா, ஒரு கைப்பிடி காப்பிக்கொட்டைய பாத்துட்டு அந்த தோட்டத்துல நிழல்மரம் எங்க நின்னுச்சு, மிளகுக்கொடி எதுல ஏறியிருந்துச்சுனு சொல்ல முடியுமா, அது மாதிரிதான்.

மாமாவுக்கு ஆனி மாசம் எடுத்த ஊசி டெஸ்ட்ல "ரியாக்டிவ்"னு வந்துச்சு, அதாவது ஏதோ இன்ஃபெக்ஷனுக்கு வீங்கியிருக்குனு. வீட்ல எல்லாரும் சாமிக்கு கற்பூரம் ஏத்தியாச்சு. நல்லவேளை சேலத்துல பாத்த இஎன்டி டாக்டர் மட்டும் ஒத்துக்கல, "ரிப்போர்ட் என்ன சொன்னாலும் என் கைக்கு இது ரியாக்டிவ் மாதிரி தெரியலைங்க, முழுசா எடுத்துடலாம்"னு சொன்னாரு. அவர் அன்னைக்கு விடாம நின்னதாலதான் மீதியெல்லாம் நடந்துச்சு.

கத்தி வெச்சா கேன்சர் பரவிடும்னு சொல்றாங்களே?

மாமாவோட அம்மா இதை சொல்லித்தான் பத்து நாள் தள்ளிப்போட்டாங்க, அவங்க பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த காலத்துல முத்திப்போன பிறகு ஆஸ்பத்திரிக்கு போனவங்களையே பாத்திருக்காங்க, ஆபரேஷன் ஆச்சு, ஆள் போயிட்டாங்க, அதனால அதுதான் காரணம்னு மனசுல பதிஞ்சிடுச்சு. நிணநீர் முடிச்சு பயாப்சியால வியாதி பரவுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். பேர் தெரியாம தப்பான மருந்து சாப்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்குற நாள்லதான் அது வளருது.

நெறியை எடுக்குறது பெரிய ஆபரேஷனா?

கழுத்துல மேலாப்ல இருக்குறதுன்னா சின்னதுதான், பெரும்பாலும் அன்னைக்கோ மறுநாளோ வீட்டுக்கு வந்துடலாம். நெஞ்சுக்குள்ள வயித்துக்குள்ள இருந்தா ஸ்கேன் பாத்துக்கிட்டே தடி ஊசியில துண்டு எடுப்பாங்க, அது கோர் பயாப்சி, மெல்லிசு ஊசிய விட எவ்வளவோ தேவலை. நிறைய நெறி இருந்தா எது பெருசோ, எதை எடுத்தா விஷயம் தெரியுமோ அதை எடுப்பாங்க, தொடை இடுக்குல இருக்குறதை கூடுமானவரை விட்டுடுவாங்க, அங்க சாதாரணமாவே நெறி இருக்கும்.

எடுத்ததை பாட்டில்ல போட்டு நம்ம கையிலயே லேப்ல குடுக்க சொல்றாங்க. எதை கவனிக்கணும்?

இதை யாரும் சொல்லித்தர மாட்டாங்க, அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன். பாட்டில்ல இருக்குற தண்ணி மாதிரி திரவம் ஃபார்மலின். மூடியை லேசா திறந்தாலே மூக்கு எரியும், கண்ணுல தண்ணி வரும். எரியலன்னா அது ஃபார்மலினா இல்ல வெறும் சலைனானு நர்ஸ்கிட்ட கேளுங்க. துண்டு எவ்வளவு இருக்கோ அதைப்போல 10 மடங்கு ஃபார்மலின் இருக்கணும், ஒட்டி ஒட்டி நனைஞ்சு கிடக்கக்கூடாது. அது சதைக்குள்ள மெதுவா, மணிக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குலதான் இறங்கும், அதனால பெரிய நெறியை முழுசா அப்படியே போட்டா நடுப்பகுதி கெட்டுப்போயிடும், குறுக்க வெட்டித்தான் போடணும், அது டாக்டர் வேலை, நாம ஞாபகப்படுத்தலாம். பேர், வயசு, எந்த பக்கத்து கழுத்துனு லேபிள்ல எழுதியிருக்கானு பாருங்க. ஃப்ரிட்ஜ்ல வைக்க வேண்டாம்.

இன்னொண்ணு, டிபி சந்தேகமும் இருந்தா ஒரு சின்ன துண்டை தனியா சலைன்ல போட்டு கல்ச்சருக்கு, அதாவது கிருமிய வளர்த்து பாக்குற டெஸ்டுக்கு அனுப்பணும், ஏன்னா ஃபார்மலின்ல போட்டா கிருமி செத்துடும், அப்புறம் கல்ச்சர்ல எதுவும் வளராது. ஆபரேஷனுக்கு முன்னாடியே இதை கேட்டு வெச்சுக்கோங்க, முடிஞ்ச பிறகு கேட்டு பிரயோஜனம் இல்ல.

ரிப்போர்ட்ல "ஸ்பிண்டில் செல் நியோபிளாசம், ஐஹெச்சி அட்வைஸ்டு"னு இருக்கு. என்ன அர்த்தம்?

ராட்டையில சுத்துற கதிர் மாதிரி ரெண்டு முனையும் கூரா நீண்ட செல்லுங்க கட்டியா வளர்ந்திருக்கு, அது எந்த வகை செல்லுனு சாதாரண சாயத்துல தெரியல, மேல ஸ்பெஷல் சாயம் போட்டு பாக்கணும்னு அர்த்தம். மாமா ரிப்போர்ட்ல இதான் முதல்ல வந்துச்சு. டிபி இருந்தா தெரியுற கிரானுலோமா, அதாவது நோய் எதிர்ப்பு செல்லுங்க சின்ன சின்ன உருண்டையா கூடி நிக்கிறது, கிடையாதுனும் அதுலயே இருந்துச்சு. இது முடிவான பேர் இல்ல, பாதி வழிதான். இதை வெச்சுக்கிட்டு யாரும் கீமோ ஆரம்பிக்கக்கூடாது.

சிடி21, சிடி23, சிடி35னு நிறைய போட்டிருக்கே, இவ்வளவு சிடி ஸ்கேனா எடுக்கணும்?

ஸ்கேனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க, பேர் மட்டும்தான் ஒண்ணு. எங்க அக்காவும் இதை பாத்துட்டு ஸ்கேன் செலவுக்கு நகையை எடுத்து வெச்சிட்டாங்க. ஒவ்வொரு வகை செல்லுக்கும் மேல ஒவ்வொரு புரதம் இருக்கும், அந்த புரதங்களுக்கு உலகம் பூரா ஒரே நம்பர் இருக்கணும்னு 1982ல பாரிஸ்ல கூடி ஆரம்பிச்சதுதான் இந்த சிடி நம்பர். ஐஹெச்சினா, அந்த புரதத்துல போய் ஒட்டிக்கிற ஆன்டிபாடிய ஸ்லைடு மேல விட்டு, ஒட்டின இடம் பழுப்பு கலரா மாறுதானு மைக்ராஸ்கோப்ல பாக்குறது.

ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வருவாங்க. சைட்டோகெரட்டின்ங்கிற புரதம் பழுப்பானா வேற எங்கயோ இருந்து பரவின கார்சினோமாவானு, அதாவது தோல், உறுப்போட உள்பூச்சு மாதிரி இடத்துல ஆரம்பிச்ச கேன்சரானு பாக்கணும். லிம்ஃபோசைட்னு சொல்ற வெள்ளை அணுவுல சிடி20 பி செல் வகைய காட்டும், சிடி3 டி செல் வகைய காட்டும், கட்டி செல்லே அப்படி பழுப்பானா லிம்ஃபோமா பக்கம், அதாவது லிம்ஃபோசைட்ல வர்ற கேன்சர். சிடி30, சிடி15 வந்தா லிம்ஃபோமாவுலயே ஹாட்ஜ்கின்ங்கிற வகை பக்கம். எஸ்100 வந்தா தோலுக்கு நிறம் குடுக்குற செல்லுல வர்ற மெலனோமாவா, இல்ல இன்டர்டிஜிடேட்டிங் டென்ட்ரிடிக் செல் வகையானு யோசிப்பாங்க. அதோட சிடி1ஏ, லாங்கரின் ரெண்டும் வந்தா லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ். சிடி68, சிடி163 ரெண்டும் நல்லா வந்து மத்ததெல்லாம் இல்லைன்னா ஹிஸ்டியோசைட்டிக் சர்கோமா. சிடி21, சிடி23, சிடி35 இதெல்லாம் வந்தா எஃப்டிசி சர்கோமா. எதுவா இருந்தாலும் ஒரே ஒரு சாயத்தை வெச்சு முடிவு பண்ண மாட்டாங்க, செல்லோட உருவத்தையும் சேர்த்துதான் பாப்பாங்க.

சிக்கல் எங்கன்னா, இந்த கடைசி மூணையும் எல்லா இடத்துலயும் முதல் லிஸ்ட்லயே போடுறதில்ல. ஸ்லைடை பாத்து ரிப்போர்ட் எழுதுற பேத்தாலஜி டாக்டருக்கு இது எஃப்டிசியா இருக்குமோனு தோணினாதான் போடுவாங்க. மாமாவுக்கு முதல் ரவுண்டுல போட்டது எல்லாமே நெகட்டிவ், "வகை தெரியாத சர்கோமா"னு எழுதிட்டாங்க. வேலூர்ல அதே பிளாக்ல, அதாவது நெறித் துண்டை மெழுகுல பதிச்சு வெச்சிருக்குற கட்டியில இருந்து சீவி எடுத்து, மறுபடி சாயம் போட்டாங்க. அங்க ஒரு டாக்டரம்மா என்னை கூப்பிட்டு மானிட்டர்ல காட்டினாங்க, செல்லுங்க எல்லாம் சுழி சுழியா, வாசல்ல போட்ட சுழிக்கோலம் மாதிரி சுத்தி சுத்தி நிக்குது, நடுநடுவுல சின்ன சின்ன லிம்ஃபோசைட் எள்ளு தூவின மாதிரி கிடக்கு, சிடி21 போட்ட ஸ்லைடு முழுக்க வலை வலையா பழுப்பு. "இதான் உங்க மாமாவோட வியாதி"னு சொன்னாங்க. 9 மாசமா தேடினதுக்கு ஒரு பேர் கிடைச்சதுல எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சு, பயத்துல வந்த அழுகை இல்ல அது.

அப்ப இது லிம்ஃபோமா இல்லையா? நோய் எதிர்ப்பு செல்லுல வர்றதுனு சொல்றாங்களே?

லிம்ஃபோமா லிம்ஃபோசைட்ல வர்றது, அதுதான் நெறியில பொறக்குற கேன்சர்ல பெரும்பாலானது. லிம்ஃபோசைட்டுக்கு கூட நின்னு உதவி பண்ற செல்லுங்க சிலது இருக்கு, அதுல வர்ற கேன்சர்தான் ரொம்ப அபூர்வம். ஃபாலிகுலர் டென்ட்ரிடிக் செல் என்ன பண்ணுதுன்னா, கிருமியோட துணுக்குகளை தன் நீண்ட கையில பிடிச்சு வெச்சுக்கிட்டு பி செல்லுங்களுக்கு காட்டிக்கிட்டே இருக்கும், மண்டியில ஏலத்துக்கு முன்னாடி வெல்லத்தை சாம்பிள் எடுத்து வியாபாரிங்களுக்கு காட்டுவாங்கல்ல, அந்த வேலை. அதை பாத்துத்தான் பி செல் எந்த கிருமிக்கு ஆன்டிபாடி செய்யணும்னு கத்துக்குது.

டென்ட்ரிடிக் செல்லுனதும் நெட்ல தேடி 1973ல ரால்ஃப் ஸ்டைன்மேன் கண்டுபிடிச்சதை படிச்சுட்டு குழம்பாதீங்க, 2011ல நோபல் பரிசு அறிவிக்கிறதுக்கு மூணு நாள் முன்னாடி இறந்துபோனாரே அவர்தான். அவர் சொன்ன டென்ட்ரிடிக் செல் எலும்பு மஜ்ஜையில இருந்து வர்றது. ஃபாலிகுலர் டென்ட்ரிடிக் செல் பேருக்குத்தான் அந்த வீட்டு ஆளு, பொறந்த இடம் வேற, நிணநீர் முடிச்சோட சட்டகத்தை கட்டுற திசுவுல இருந்து வர்றது. அதனாலதான் அதுல வர்ற கேன்சர் லிம்ஃபோமா மாதிரி நடந்துக்காம சர்கோமா மாதிரி நடந்துக்குது, வைத்தியமும் அப்படியே மாறுது. 1986ல மோண்டா, வார்ன்கி, ரோசாய் மூணு பேரும் எழுதின பிறகுதான் இப்படி ஒண்ணு இருக்குனே டாக்டர்ங்களுக்கு தெரிய வந்துச்சு.

கேன்சர் மாதிரியே இருந்து கேன்சர் இல்லாம போறதும் உண்டா?

உண்டு. சின்ன வயசு பொண்ணுங்களுக்கு காய்ச்சலோட கழுத்துல நெறி கட்டுற கிக்குச்சி வியாதி, 1972ல ஜப்பான்ல கண்டுபிடிச்சது, பெரும்பாலும் சில மாசத்துல தானாவே போயிடும். ரோசாய் டோர்ஃப்மேன் வியாதியில நெறி பயமுறுத்துற அளவு பெருசாகும், ஆனா நிறைய பேருக்கு பெரிய வைத்தியமே தேவைப்படாது. நெறி வீங்குற கேசில்மேன் வியாதினு ஒண்ணு இருக்கு, அதுல ஒரு வகை எஃப்டிசி சர்கோமாவோட சேர்ந்தே சில பேருக்கு இருக்கும், அதனால அந்த பேர் வந்தா அதோட விட்டுடாம பாலோ அப் போகணும். இதெல்லாத்தையும் பிரிச்சு சொல்றது பயாப்சிதான், வேற வழி கிடையாது.

பயாப்சிக்கு முன்னாடியே ஸ்டீராய்டு குடுத்துட்டாங்க, பரவாயில்லையா?

டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. லிம்ஃபோமாவா இருந்தா ஸ்டீராய்டுல நெறி சுருங்கி, எடுத்த துண்டுல வியாதியே தெரியாம போயிடலாம். மூச்சுத்திணறல் மாதிரி அவசரம் இல்லன்னா பயாப்சி முடியுற வரைக்கும் ஸ்டீராய்டு வேண்டாம்னுதான் சொல்றாங்க.

ரெண்டாவது கருத்துக்கு போறப்போ என்னென்ன எடுத்துட்டு போகணும்?

ரிப்போர்ட் பேப்பர் மட்டும் எடுத்துட்டு போனா பாதி வேலைதான். பிளாக் வேணும். தீப்பெட்டிய விட சின்னதா ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதுல வெள்ளை மெழுகு, மெழுகுக்கு நடுவுல பழுப்பா ஒரு துணுக்கு, ஓரத்துல ஒரு நம்பர். அந்த துணுக்குதான் உங்க ஆளோட நெறி. பயாப்சி பண்ண லேப்ல லெட்டர் எழுதி குடுத்தா கையெழுத்து வாங்கிட்டு தருவாங்க, சாயம் போட்ட ஸ்லைடையும் சேர்த்து கேளுங்க. பிளாக் நம்பரும் ரிப்போர்ட் நம்பரும் ஒண்ணானு அங்கயே நின்னு பாத்துக்கோங்க. டிஷ்யூ பேப்பர்ல சுத்தி சின்ன டப்பாவுல போட்டு கைப்பையில வெச்சுக்கோங்க, சேலத்து சித்திரை வெயில்ல நிக்கிற கார் டேஷ்போர்டுல மட்டும் வெச்சிடாதீங்க, மெழுகு உருகிடும். ஸ்லைடு கண்ணாடி, அதுக்குனு இருக்குற பிளாஸ்டிக் பெட்டியில வெக்கலன்னா உடைஞ்சிடும். வேலை முடிஞ்சதும் மறக்காம பிளாக்கை திருப்பி வாங்கிடுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு கூட தேவைப்படும்.

நாங்க போனது வேலூர் சிஎம்சி, ரயில்ல போனா சேலம் ஜங்ஷன்ல ஏறி காட்பாடியில இறங்கணும், ராணிப்பேட்டை பக்கமும் அவங்களுக்கு ஒரு கேம்பஸ் இருக்கு, எங்க வரணும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல ஆரம்பிச்ச அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், புதுச்சேரி ஜிப்மர் இதெல்லாமும் இருக்கு. எங்க போனாலும் இந்த மாதிரி அபூர்வமானதை அடிக்கடி பாக்குற பேத்தாலஜி டாக்டர் கண்ணுல ஒருதடவை அந்த ஸ்லைடு படணும், அவ்வளவுதான்.

பெட் ஸ்கேன் எதுக்கு?

பேர் தெரிஞ்ச பிறகு வியாதி உடம்புல எங்கெங்க இருக்குனு பாக்க எடுக்குற ஸ்கேன் இது. 6 மணி நேரம் வெறும் வயித்துல இருக்கணும், சுகர் இருக்குறவங்க மாத்திரை இன்சுலின் பத்தி முன்னாடியே சொல்லிடணும். டிபி நெறியும் அதுல பளிச்சுனு எரியும், அதனால பெட் ஸ்கேன்ல எரியுதுங்கிறதை மட்டும் வெச்சு கேன்சர்னு சொல்ல முடியாது.

செலவுக்கு?

முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, கார்டு இருந்தா சேர்றப்பவே காப்பீட்டு கவுண்டர்ல எதெது வரும்னு கேளுங்க. ரயில்ல கேன்சர் பேஷன்ட்டுக்கு வைத்தியத்துக்கு போக வர ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசியிலயும் முழு சலுகை உண்டு, கூட போறவருக்கு 75 சதவீதம், ஆஸ்பத்திரியில அதுக்கான ஃபாரத்துல கையெழுத்து வாங்கணும்.

பேஷன்ட்கிட்ட சொல்லலாமா, மறைக்கலாமா?

நாங்க ரெண்டு நாள் மறைச்சோம். மூணாவது நாள் மாமாவே என்னை கூப்பிட்டு, "நான் எஸ்டேட்ல முப்பது வருஷமா கணக்கு எழுதுறவன், நீங்க மூஞ்சிய மறைச்சா கணக்கு இடிக்குதுனு தெரியாதா தம்பி"னு கேட்டாரு. எல்லாத்தையும் சொன்னேன். அமைதியா கேட்டுட்டு, அந்த பேரை ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதி குடுக்க சொல்லி சட்டைப்பையில வெச்சுக்கிட்டாரு. மறைச்ச ரெண்டு நாளுக்கு நான் இன்னைக்கும் வருத்தப்படுறேன்.

மாமா இப்ப எப்படி இருக்காரு?

பெட் ஸ்கேன்ல கழுத்தை தவிர வேற எங்கயும் இல்ல. இந்த வகைக்கு ஒரே இடத்துல இருந்தா முழுசா வெட்டி எடுக்குறதுதான் முக்கியமான வைத்தியம், ரெண்டாவது தடவை கழுத்துல ஆபரேஷன் பண்ணி சுத்தி இருந்த நெறியையும் எடுத்தாங்க, அப்புறம் ரேடியேஷன் குடுத்தாங்க. இது அதே இடத்துலயோ நுரையீரல், கல்லீரல்லயோ வருஷம் கழிச்சு திரும்ப வரக்கூடிய வியாதி, அதனால ஸ்கேனுக்கு தவறாம போறோம். வாயில ஆறாத புண்ணு வந்தா உடனே வர சொல்லியிருக்காங்க, இந்த வியாதியோட சேர்ந்து அபூர்வமா அப்படி ஒண்ணு வருமாம். போன வாரம் செக்கப் போயிட்டு வந்தோம், டாக்டர் கழுத்தை தடவி பாத்துட்டு 6 மாசம் கழிச்சு வாங்கனுட்டாரு. அடிவாரத்துல டீ குடிச்சிட்டு, பறிப்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள மேல போகணும்னு சாயங்கால பஸ்லயே ஏறிட்டாரு.